சலங்கை வராத பாக்ஸ்

"இருவது வருஷமா இந்தப் பாக்ஸோட குடும்பம் நடத்தறேன், அதுல சலங்கைச் சத்தம் செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?" இருபது வருஷமாகப் பாக்ஸோடு குடும்பம் நடத்துகிறாராம். அப்படியானால் அதற்கும் முன்னாலிருந்து இந்த வீட்டில் ஆக்கிப் போட்டுக்கொண்டிருப்பவள் யாராம், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவளா? வசந்தாமணி அந்த வாக்கியத்தை அவர் இழுத்த இழுப்போடு, 'தெரியாதாக்கும்' என்பதில் அவர் ஏற்றிய ஏற்றத்தோடு, இன்னொரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்லக் கோபம் வருவதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்து தொலைத்தது, அதுவே எரிச்சலாக இருந்தது. சண்டை போட்டுவிட்டு எழுந்து வந்தவள் சிரிக்கக் கூடாது, சண்டைக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. சமையல் மேடையில் முந்தின நாள் ஊறப்போட்ட மொச்சை குண்டா நிறைய உப்பிக் கிடந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள்; பருப்பு தோலை விட்டுக் குதித்துத் தட்டில் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பிதுக்கின மொச்சைக் குழம்பு வேண்டுமென்று கேட்டதும் அந்த மனுஷன்தான். கேட்கிறவருக்கு என்ன, வாயைத் திறந்தால் போதும், விரல் நோவது யாருக்கு. ஹாலில் சென்னியப்பன் தரையில் சப்பணமிட்டு, சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பழைய ஸ்பீக்கர் பாக்ஸின் முன்பக்கத்துத் துணிச்சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருப்பது கதவு வழியாகத் தெரிந்தது. வேலையிலிருந்து நின்ற ஆம்பளை ஹாலின் நடுவில் உட்கார்ந்தால் ஹாலே சின்னதாகிப் போகிறது. இவள் வீட்டைப் பெருக்குவதா, இவரைச் சுற்றிப் பெருக்குவதா?

சண்டை பாக்ஸைப் பற்றியதுதான், வேறொன்றுமில்லை. சீட்டுப் பணம் கைக்கு வந்து, பாட்டுக் கேட்கிற சாமான்களையெல்லாம் மாற்றிவிடுவது என்று அவர் முடிவு கட்டிய நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சு. எதை மாற்றுவது, எதற்கு எவ்வளவு போடுவது, எதை இப்படியே விட்டுவிடுவது. இன்று காலை இட்லித் தட்டை நகர்த்திவிட்டு மேஜையிலேயே வகுப்பு எடுத்துவிட்டார். சொம்பு ரெண்டும் பாக்ஸ். கிண்ணம் ஆம்ப்ளிஃபயர். ஸ்பூன் வயர். "பணத்துல முக்காவாசி சொம்புக்குப் போடோணும் அம்மிணி, மிச்சந்தான் கிண்ணத்துக்கு. ஸ்பூனுக்கு ஒரு பைசா எச்சாக் குடுக்கப்படாது, கடைக்காரன் அதைக் காட்டித்தான் நம்ம தலையில மொளகா அரைப்பான்." சட்னி காய்கிறது என்றாள். "பாட்டு வெளிய வர்ற எடம் பாக்ஸுதான? அது நல்லா இல்லீன்னா பொறகால என்னத்த வெச்சும் பிரயோசனமில்ல." சரி என்று விட்டிருக்கலாம். விடுகிற வாயா இது. "ஏனுங்க, ஹாலைப் பாத்தீங்களா? ஒரு பக்கம் பூராக் கண்ணாடி ஜன்னல், கீழ மொசைக், சுத்தி வெறுஞ்செவுரு. சொம்பை எடுத்துட்டு அண்டாவே வெச்சாலும் சத்தம் செவுத்துல முட்டி முட்டித்தான் வரும். மொதல்ல கனமா ரெண்டு ஸ்க்ரீன் துணி, கீழ ஒரு கம்பளம். அப்பறம் பாக்ஸைப் பாத்துக்கலாம்." "ஸ்க்ரீன் துணி உன்ற ஆசை, பாட்டு என்ற ஆசை. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத." அப்புறம்தான் அந்தக் குடும்பம் நடத்துகிற வசனம். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவள் படித்த கான்வென்ட்டின் சேப்பலில் கொயர் பாடும்போது ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரியை எடுக்க விடமாட்டார் சிஸ்டர் பெர்னடெட், உயரக் கூரையில் போய் முட்டின சத்தம் கீழே இறங்கி வந்து சேரட்டும் என்று விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். நல்ல நாளில், பெஞ்சுகளில் ஜனம் நெருக்கி உட்கார்ந்திருக்கும்போது, அந்த விரல் சீக்கிரமே இறங்கிவிடும், ஜனமும் துணிமணியும் சத்தத்தைக் குடித்துவிடும். அதனால் துணி போட்டால் சத்தம் அடங்கும் என்று யாரும் வசந்தாமணிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதற்காகவா ஸ்க்ரீன் துணி கேட்டாள்? தள்ளிப்போடுவதற்காகக் கேட்டாள். துணி எடுக்கக் கொஞ்ச நாள், தைக்கக் கொஞ்ச நாள், நிறம் பிடிக்கவில்லை என்று மாற்றக் கொஞ்ச நாள். சொம்பை மாற்றினாலும் கிண்ணத்தை மாற்றினாலும் அவருக்குச் சலங்கை கேட்கப் போவதில்லை. செத்துப்போனது பாக்ஸில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவளுக்கும் தெரியாது. பெங்களூரிலிருந்து மகள் ஹம்சா வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் சாய்ந்திருந்த நேரத்தில், "ரெண்டு பேரும் வாங்க, இங்க நடுவுல ஒக்காருங்க, நான் சொல்றது நெசமா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க," என்று கூப்பிட்டு உட்கார்த்திவைத்து ஒரு பழைய பாட்டைப் போட்டார். பாட்டு நடுவில் வாத்தியம் மட்டும் வருகிற இடம். வயலினெல்லாம் ஏறி இறங்கி ஓய்ந்து, கூட்டமாக யாரோ ஆடிக்கொண்டு போவதுபோல் ஒரு சலங்கை. "இப்ப வரோணும், இந்த எடந்தான், வராது பாருங்க," என்று விரலைத் தூக்கினார். விரலைத் தூக்கின அதே நொடியில் சலங்கை வந்தது. தகரத்தில் அரிசி கொட்டினாற்போல, சில்லுச் சில்லென்று, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நடந்தே போயிற்று. அவர் விரல் அந்தரத்தில் நின்றது, புருவம் உயர்ந்தது, பார்த்தீர்களா என்று கேட்கிற முகம். ஹம்சா அம்மாவைப் பார்த்தாள். வசந்தாமணி ஒரு இமையளவு தலையை அசைத்தாள், சொல்லாதே. "ஆமாங்கப்பா, கொஞ்சம் மங்கலாத்தான் இருக்குதுங்," என்றாள் ஹம்சா, நல்ல பிள்ளை, பொய் சொல்லும்போது மட்டும் அப்பனைப் போலவே காதைச் சொறிந்துகொள்கிறவள். அப்புறம் பாத்திரம் கழுவுகிற சாக்கில் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, அவருக்கு மேல்சத்தமெல்லாம் போயிருச்சு. மில்லுல வேலை செஞ்சவங்களுக்கு அப்படித்தான் ஆகும். காதுக்கு மெஷின் வெச்சா கேக்கும். அந்தப் பணத்தை அதுல போடச் சொல்லு, பாக்ஸெல்லாம் எங்க போயிரப் போகுது. நீயே பக்குவமாச் சொல்லீரு," என்று சொல்லிவிட்டுச் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். பக்குவமாம். பெத்த அம்மாவிடம் இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிற பெண். வசந்தாமணி, அபார்ட்மென்ட் செக்ரட்டரியிடம் அவர் எழுதிய நோட்டீஸில் இருந்த தப்பையெல்லாம் லிஃப்ட்டுக்குள் வைத்தே சொன்னவள், கல்யாண வீட்டில் சம்பந்தி அம்மாளிடம் பாயசம் தீய்ந்திருக்கிறது என்று சொன்னவள், இந்த ஒரு வரியைச் சொல்ல முடியாமல் ஒரு வாரமாக ஸ்க்ரீன் துணி, கம்பளம் என்று சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறாள். உங்களுக்குக் காது போய்விட்டது. அவ்வளவுதான் வரி. நாலு வார்த்தை கூட இல்லை.

ஏன் சொல்ல முடியவில்லை என்று கேட்டால், அவர் மனசு நொந்துபோகும் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் உண்மைதான். அவர் காது சாமானியக் காதா? சிங்காநல்லூரில் அவர் ஃபிட்டராக இருந்த ஸ்பின்னிங் மில் ஓடின காலத்தில், ஓடுகிற மெஷினின் இரும்பு உடம்பில் ஸ்க்ரூ டிரைவர் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினால் போதும், எந்தப் பேரிங் இன்னும் ஒரு வாரத்தில் போகும் என்று சொல்லிவிடுவார். மற்ற மில்லிலிருந்து கூட ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். சென்னியப்பன் காதை வைத்துச் சம்பாதித்த பேர் அது. ஆனால் காரணம் அது மட்டும் என்றால் அவள் போன திங்கட்கிழமையே சொல்லியிருப்பாள், நொந்தால் நோகட்டும், ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், மூன்றாம் நாள் பிதுக்கின மொச்சைக் குழம்பு. இது வேறு. அந்த மில்லில் நூல் மெஷின் ஓடுகிற கூடத்துக்குள் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. கத்துவது புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்கிற வேலை. பழகினவர்கள் குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிராளி அந்த உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான், பொண்ணு பார்த்த சேதியிலிருந்து போனஸ் தகராறு வரைக்கும் எல்லாம் உதட்டிலேயே ஓடும். ஒரு ஆயுத பூஜைக்கு ஹம்சாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போயிருந்தாள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தியிருந்தார்கள், கூடம் முழுக்க ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியில் ரெண்டு ஃபிட்டர்கள் எதிரெதிரே நின்று, சத்தமே இல்லாமல், வாயை அகல அகலத் திறந்து மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மெஷின் நின்றிருப்பது அவர்களுக்கு ஞாபகமே இல்லை. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதில் ஒருவர் சென்னியப்பன். அன்றைக்குச் சிரித்தவள் அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருக்கலாம். எங்கே யோசித்தாள். ஸில்லி கர்ல் என்று சிஸ்டர் சொன்னது சும்மாவா.

ஏனென்றால் அவர் பார்ப்பார். அதுதான் விஷயம், மற்றதெல்லாம் தோல். அவள் வாயைத் திறந்தால் அவர் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். பொள்ளாச்சி வீட்டில் பெண் பார்க்க வந்த அன்றைக்கே அப்படித்தான். வந்திருந்த பெரியவர்களெல்லாம் தென்னைக்கு என்ன விலை என்று பேசிக்கொண்டிருக்க, இவர் ஒருத்தர் மட்டும், யாரோ ஏதோ கேட்டதற்கு அவள் ஏதோ பதில் சொன்னபோது, வைத்த கண் வாங்காமல் அவள் வாயையே பார்த்தார். "பையன் என்ன இப்படித் திங்கறாப்பல பாக்கறான்," என்று சித்தி காதில் முணுமுணுத்தாள். பேசுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் மரியாதை என்று பத்து வருஷம் பிரம்பை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் கான்வென்ட்டில்; ஆனால் வீட்டில் அப்பா பேப்பரைப் பார்த்துக்கொண்டு பேசுவார், அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுவான். அவள் பேசும்போது அவளைப் பார்த்த முதல் ஆம்பளை இவர். வேறென்ன பார்த்துச் சரி என்று சொன்னாள்? படிப்பு ஐடிஐ, வேலை கிரீஸ், இங்கிலீஷ் சுத்தமாக வராது. இந்தப் பார்வைக்குத்தான் சொன்னாள். அப்புறம் எத்தனை வருஷம், பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லாம் 'எங்க வீட்டுக்காரர் நான் சொல்றதக் காதுலயே போட்டுக்கறதில்ல' என்று புலம்பும்போது, இவள் மட்டும் ஒன்றும் சொல்லாமல், ஒரு பெருமையோடு, புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொரோனா காலத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனபோது, "அதைக் கழட்டீட்டுப் பேசு அம்மிணி, உன்ற மூஞ்சியே தெரிய மாட்டீங்குது," என்றார் நடுரோட்டில் வைத்து. வயசான காலத்தில் இந்தக் கிழவனுக்கு இருக்கிற கொழுப்பைப் பார் என்று அவளுக்கு அங்கேயே, வெங்காயக் கடைக்கு முன்னால், வெட்கம் வந்து முகம் சுட்டது. வெட்கப்பட்டிருக்கிறாள்! இப்போது நினைக்க நினைக்க அந்த வெட்கத்துக்கு வெட்கமாக இருக்கிறது. உதட்டை மறைத்தால் அவருக்கு ஒன்றும் புரியவில்லை, அவ்வளவுதான். தட்டைப் பார்த்தாள். பருப்பெல்லாம் குப்பைத் தட்டிலும் தோலெல்லாம் பருப்புத் தட்டிலும் விழுந்து கிடந்தன. இம்பாஸிபிள் வுமன். பொறுக்கி எடுத்து மாற்றிப் போட்டாள்.

இன்னொன்று இருக்கிறது, அது இன்னும் மோசம். அவள் முணுமுணுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து. அவர் திரும்பி நடந்ததும் அந்த முதுகைப் பார்த்துக் கொங்குத் தமிழிலும் கான்வென்ட் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றி ஒரு பாட்டம் விடுவாள், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு, தங்கச்சிக்குக் கேட்காமல் பணம் கொடுத்ததற்கு, சும்மா இருந்ததற்கு. ஒரு தடவை கூட அவர் திரும்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எத்தனை பொறுமை, பூமாதேவிக்கு மீசை வைத்த மாதிரி என்று அவளே அவளிடம் சொல்லிக்கொண்டு, அதற்காகவே அன்றைக்கு ராத்திரி ஒரு முட்டை கூடப் போட்டுச் சோறு போட்டிருக்கிறாள். பொறுமையாவது மண்ணாவது. கேட்கவேயில்லை. அவ்வளவு நல்ல நல்ல திட்டெல்லாம் வீணாகப் போயிருக்கிறது. அதில் சிலது நிஜமாகவே நன்றாக இருந்தன. ஆனால் எப்போதிலிருந்து கேட்கவில்லை? அங்கேதான் மனசு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுகொள்கிறது, இழுத்தால் கிழியும். பொள்ளாச்சியில் பார்த்தபோது காது நன்றாகத்தான் இருந்திருக்கும், அப்போது வயசு என்ன. ஆனால் மில்லுக்குப் போக ஆரம்பித்து அதற்குள் எத்தனையோ வருஷம், பழக்கம் வந்திருக்கும். பழக்கத்தில் பார்த்தாரா, பிடித்துப் பார்த்தாரா? பழக்கம் எந்த வருஷத்தில் தேவை ஆயிற்று? பிள்ளை பிறந்தபோதா, மில்லை மூடின பிறகா? பிரியமாகப் பார்த்த பார்வைக்கும் புரிந்துகொள்வதற்காகப் பார்த்த பார்வைக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கத்தானே வேண்டும். அந்தக் கோட்டை அவள் தாண்டியிருக்கிறாள், தெரியாமல், குழம்புக் கரண்டியோடு.

கீழ்வீட்டுச் சொர்ணம் அக்காவின் வீட்டுக்காரர் காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டு வந்த புதிதில் தெருவே போய்ப் பார்த்தது. காக்கா கத்துவது கேட்கிறது, ஃபேன் சுற்றுவது கேட்கிறது, பிரஷர் குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் வருகிற மூச்சு கூடக் கேட்கிறது என்று அந்த மனுஷன் குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கழித்து மாடிப்படியில் வைத்து அக்கா சொன்னாள்: "முன்னெல்லாம் நான் பேசுனா ஒவ்வொரு தடவையும் திரும்பி என்னன்னு பாப்பாரு வசந்தா. இப்பப் பேப்பரைப் பாத்துக்கிட்டே 'ம்' போடறாரு. எல்லாம் கேக்குதாமா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். வசந்தாமணியும் சிரித்தாள். அன்றைக்கு அது தமாஷாக இருந்தது. இப்போது அந்த 'ம்' அவளை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மெஷின் வைத்த பிறகு சென்னியப்பனும் பேப்பரைப் பார்த்துக்கொண்டு 'ம்' போடுவார். எதற்காகத் திரும்ப வேண்டும், எல்லாம்தான் கேட்கிறதே. அதைவிடப் பாக்ஸையே வாங்கிக்கொண்டால் என்ன? காந்திபுரத்துக் கடையில் இருக்கவே இருக்கிறது அந்தக் குச்சிக்கால் பாக்ஸ். போய்ப் பார்த்த அன்றைக்குக் கடைக்காரன் மூன்று ஜோடி வைத்துப் போட்டுக் காட்டினான். முதல் ரெண்டும் அவள் காதுக்கு நன்றாயிருந்தன, பாடுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதுதான் குச்சிக்கால், ஸ்லேட்டில் நகத்தைக் கீறினாற்போல, 'ஸ' வருகிற இடமெல்லாம் பாம்பு சீறினாற்போல. அவளுக்குப் பல் கூசிற்று. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான்!" என்று தொடையில் தட்டினார். "எல்லாம் தெளிவா வருது பாரு." கடைக்காரன் அவளைப் பார்த்தான், அவள் கைப்பைக்குள் எதையோ தேடினாள். அதை வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டால் அவருக்குக் கொஞ்சமாவது சலங்கை கேட்கும், அவளுக்குத் தினமும் தலைவலி வரும், தைலம் இருக்கிறது, அவர் அவள் முகத்தைப் பார்ப்பதும் இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம். பணத்தை எதில் போட்டால் எது நிலைக்கும் என்பதுதானே கேள்வி. இதில் போட்டால் இது நிலைக்கும். ஹம்சாவுக்கு என்ன தெரியும், சின்னப் பெண்.

ஆனால் சிக்னல். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாலும் அது வந்து நின்றுகொள்கிறது. முந்தாநாள் சிக்னலில் ரெண்டு பேரும் ரோட்டைக் கடந்தபோது தண்ணி லாரி ஒன்று திரும்பியது, திரும்பும்போதே ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் திரும்பியது, தெருவே நின்று பார்க்கிறது, இவர் பாட்டுக்குக் கை வீசிக்கொண்டு நடக்கிறார். சட்டையைப் பிடித்து இழுத்தாள், பொத்தான் கையோடு வந்துவிட்டது. "கெரகம் புடிச்சவன், ஹாரனே அடிக்காம வர்றான் பாரு!" என்று லாரிக்காரனைத் திட்டினார். அவள் பொத்தானை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தாள், வீடு வரைக்கும். வசந்தாமணி ஒன்றும் பேசாமல் வந்தாள் என்று சொன்னால் ஹம்சா நம்பமாட்டாள். பேசாமல். அவள் விரல் மொச்சையின் மேல் நின்றது. அவள் பேசாத நாளும் இருந்திருக்கிறது. அப்பா போன பிறகு. பொள்ளாச்சியிலிருந்து திரும்பி வந்து அவள் வாயே திறக்கவில்லை, அழவும் இல்லை, பசிக்கிறது என்று கூடச் சொல்லவில்லை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இவர் லீவு போட்டுவிட்டு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு இல்லை, கையைப் பிடிக்கவில்லை, அந்த ஆளுக்கு அதெல்லாம் வராது. பார்த்துக்கொண்டே இருந்தார். மூடின வாயில் படிப்பதற்கு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷன் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார் என்றால் அது பிரியம்தானே. அல்லது எப்போது வாயைத் திறப்பாள், திறந்தால் விட்டுவிடக் கூடாதே என்று காத்திருந்தாரா? சே. வக்கீல் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள், எதிலும் ஒரு ஓட்டை கண்டுபிடிப்பாள். காத்திருந்தால்தான் என்ன, காத்திருப்பது மட்டும் சும்மா வந்துவிடுமா? கையைக் கழுவினாள். பாதி மொச்சை இன்னும் கிடந்தது. கிடக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் கம்பளத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிடுவாள், அவளுக்கு அவளைத் தெரியும்.

ஹாலுக்குப் போய் அவர் தோளைத் தொட்டாள். திரும்பினார். கண் நேராக அவள் வாய்க்கு வந்து நின்றது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பக்குவத்தை எங்கேயும் தேடாமல், "மொதல்ல காது," என்றாள். "அப்பறம்தான் பாக்ஸு."

 அவள் இன்னொரு தடவை சொல்வாள் என்று எதிர்பார்க்கிறாற்போல உதட்டையே பார்த்தார். 

"ஹம்சா சொன்னாளா?"

"நானே பாத்தேன். போன ஞாயித்துக்கெழம சலங்கை நல்லா வந்துச்சுங்க. ரெண்டு பாக்ஸுலயும்."

"தெரியும்," என்றார். "நான் வெரலைத் தூக்குனப்ப உங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்தனே. வந்துருச்சுன்னு மூஞ்சியிலயே இருந்துதே."

 "பின்ன எதுக்குங்க வாரம் பூரா பாக்ஸு பாக்ஸுன்னு எங்கூட மல்லுக்கு நின்னீங்க?"

கழற்றின துணிச்சட்டத்தின் மேல் படிந்திருந்த தூசியைச் சுண்டுவிரலால் கோடு கோடாக இழுத்தார். "பாக்ஸுன்னா மாத்திக்கலாமல்ல, அம்மிணி."

அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள், முழங்கால் சடக்கென்றது, அது அவருக்குக் கேட்டிருக்காது. எவ்வளவு நாளாக என்று கேட்டாள். மில்லை மூடுவதற்கு முன்னாலிருந்தே என்றார். பேரிங்குக்குக் காது வைத்தால் பாதிதான் வரும், மீதியைக் கைநடுக்கத்தில் வைத்துச் சொல்லிவிடுவேன், யாருக்கும் தெரியாது என்றார், சொல்லும்போது கொஞ்சம் பெருமை கூட இருந்தது. இந்த ஆளை என்ன செய்வது.

"மெஷினு வெச்சா நீ திட்டறதெல்லாம் கேக்குமா?"

"ஒண்ணு விடாமக் கேக்கும். இங்கிலீஷு கூட."

"அப்பப் பாக்ஸே வாங்கிக்கலாம்."

"நாளைக்குக் காலைல டாக்டர்கிட்டப் போறோம். சலங்கை கேட்டதுக்கப்பறம் எந்தப் பாக்ஸு வேணும்னு நீங்களே சொல்லுங்க. அந்தக் குச்சிக்கால் பாக்ஸு மட்டும் இந்த வீட்டுக்குள்ள வரப்படாது, சொல்லீட்டேன்."

"ஏன், அதுக்கென்ன?"

"நாளான்னைக்குக் கேட்டுப் பாருங்க, தெரியும்."

சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார், கடையில் சிரித்ததைவிட நன்றாக. "சரி சரி, போலாம்," என்று சொல்லிவிட்டு மறுபடி பாக்ஸின் பக்கம் திரும்பினார். பழையதாக இருந்தாலும் சட்டத்தைத் துடைத்து மாட்டி வைக்க வேண்டும், பாதியில் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பின்கழுத்தில் நரைமுடி கோணலாக வெட்டப்பட்டிருந்தது. காதுமடலுக்குப் பின்னால் ஒரு குழி, அங்கேதான் வைப்பார்கள் போலிருக்கிறது. வசந்தாமணி எழுந்திருக்காமல் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. சண்டையும் முடிந்தது, ஜெயித்தவள் அவள்தான். நாளை மறுநாளிலிருந்து இப்படி முதுகைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது, எல்லாம் கேட்டுவிடும். முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூடியதா இது? அவர் சிரிப்பார். அல்லது சரி என்பார், இப்போது டாக்டருக்குச் சரி என்றாற்போல. இன்றைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது.

"ஏனுங்க," என்றாள், குரலைத் தாழ்த்தி. "எல்லாம் கேக்க ஆரம்பிச்சதுக்கு அப்பறமும், நான் பேசுனா என் மூஞ்சியைப் பாருங்க."

சென்னியப்பன் ஒரு கையால் தரையைத் தடவி, உருண்டுபோன ஒரு ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தார்.